இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

வாசகர் கேள்வி – பதில்

(டெக்சஸ் மாநிலத்தில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு நடத்தும் பயிற்சியாளர் இந்த மாதம் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, இர்விங்கில் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சிறு கடை நடத்துகிறேன். ராத்திரி கடை அடைத்துவிட்டுத் தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். குடியுரிமை கிடைத்துவிட்டது, சட்டப்படி எனக்குத் தடை எதுவும் இல்லை. சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு துப்பாக்கி வாங்கப் பார்க்கிறேன். கடைக்காரர் “.380 பாக்கெட் பிஸ்டல் வாங்குங்கள், புதியவர்களுக்கு அதுதான் சுலபம்” என்கிறார். நண்பரோ “.45-க்குக் குறைந்து எதுவும் வேலைக்கு ஆகாது” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– இர்விங் வாசகர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் தம்பி. (.380, .45 எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்.) 9 மி.மீ. தோட்டா போடும், ஐந்நூறு முதல் எழுநூறு கிராம் எடையுள்ள பிஸ்டலாகப் பாருங்கள். உங்கள் கை கொஞ்சம் பெரிது என்றால் கிளாக் 19 மாதிரி. ஒல்லியான உடம்பு, டி-சர்ட்தான் போடுவேன் என்றால் சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ், கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் இந்த வரிசையில் ஒன்று. இவற்றில் எது என்பதை உங்கள் கை சொல்லட்டும். வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுகள் (சுட்டுப் பழகும் இடங்கள்) டாலஸ் பக்கம் நிறைய உண்டு. மூன்று நான்கு மாடலைச் சுட்டுப் பார்க்காமல் கடையில் கார்டை நீட்டாதீர்கள்.

ஏன் 9 மி.மீ. என்று விளக்கமாகவே சொல்கிறேன். இந்தச் சண்டை அமெரிக்காவில் நாற்பது வருடமாக நடக்கிறது, அதற்கு ஒரு தேதியும் உண்டு. 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் நடுத்தெருவில் மடக்கினார்கள். சண்டை ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்த 9 மி.மீ. குண்டு, மார்புக்குள் போய் நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் அவன் விழவில்லை. அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். ஏஜென்ட் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள். பழி அந்தக் குண்டின் மேல் விழுந்தது. எஃப்பிஐ முதலில் 10 மி.மீ. பக்கம் போனது. சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை என்பதால், 1990-ல் வந்த .40 பக்கம் இறங்கியது. நாடு முழுக்க போலீஸ் துறைகளும் பின்னாலேயே போயின.

அதே சமயம் எஃப்பிஐ இன்னொரு நல்ல வேலையும் செய்தது. குண்டுக்கு ஒரு பரீட்சை வைத்தது. உடம்புச் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் பாளத்தில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தடித்த துணி, சுவர்ப் பலகை, பிளைவுட், கார் கண்ணாடி, தகரம் இவற்றை முன்னால் வைத்தும் சுட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பரீட்சையில் தேறுவதற்காகவே கம்பெனிகள் குண்டை மாற்றி மாற்றிச் செய்தன. முப்பது வருடத்தில் 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும்) குண்டு 1986-ல் இருந்த குண்டே இல்லை என்று ஆகிவிட்டது. 2014-ல் எஃப்பிஐ-யின் பயிற்சிப் பிரிவே “நல்ல தோட்டாவாக எடுத்தால் 9-க்கும் .40-க்கும் .45-க்கும் காயத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, 9-ல் எங்கள் ஆட்கள் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள்” என்ற கருத்தில் வந்து நின்றது. மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பினார்கள்.

உங்கள் நண்பருக்கு இதுதான் பதில். .45 நல்ல தோட்டா, மறுக்கவில்லை. ஆனால் பருமன் 11.4 மி.மீ. என்பதால் சின்ன பிஸ்டலில் ஆறேழு தோட்டாதான் அடங்கும். சிக் பி365 அதைவிடச் சின்னது, அதில் பத்து அடங்குகிறது. கிளாக் 19-ல் பதினைந்து. விலையும் இருக்கிறது. பயிற்சிக்கான 9 மி.மீ. ஐம்பது தோட்டா உள்ள பெட்டி பதினைந்து டாலர் சுற்றி என்றால், .45 அதைப்போல ஒன்றரை மடங்கோ மேலோ. விலை ஏறினால் பயிற்சி குறையும். வகுப்பில் இதை எப்போதும் பார்க்கிறேன்.

கடைக்காரர் சொன்னது இதைவிட மோசம். .380 என்பது 9 மி.மீ. தோட்டாவின் தம்பி. குண்டின் விட்டம் ஒன்றேதான், ஆனால் குண்டு இலேசு, வெடிமருந்து குறைவு, வேகமும் குறைவு. விரியும்படி செய்த .380 குண்டு விரிந்தால் 12 அங்குலம் போவதில்லை, போனால் விரிவதில்லை. இரண்டும் சேர்ந்து வரும் தோட்டா அதில் அபூர்வம். சரி, அதுகூடப் போகட்டும். “புதியவர்களுக்குச் சுலபம்” என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரூகர் எல்சிபி மாதிரி ஒரு பாக்கெட் பிஸ்டல் 270 கிராம்தான் இருக்கும். எடை இல்லாத துப்பாக்கியில் உதை முழுக்கக் கைக்கு வரும். பிடி சின்னது என்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, காற்றில் தொங்கும். குறி பார்க்கும் மேடு கடுகளவு. நன்றாகச் சுடத் தெரிந்தவரே ஏழு கெஜத்தில் அதை வைத்துக்கொண்டு தடுமாறுவார். சின்னது சுமக்கச் சுலபம், சுடச் சிரமம். கவுண்டரில் கையில் வைத்துப் பார்க்கும்போது முதல் பாதிதான் தெரியும்.

வகுப்பில் நான் ஒன்று செய்வேன். மாணவர் கையிலிருக்கும் மேகசினை (தோட்டா அடுக்கும் கூட்டை) வாங்கி, அவர் பார்க்காமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மி தோட்டாவைச் செருகித் திருப்பிக் கொடுப்பேன். எது டம்மி என்று அவருக்குத் தெரியாது. ஒன்று வெடிக்கும், இரண்டு வெடிக்கும், மூன்றாவதில் ‘டிக்’ என்று வெற்றுச் சத்தம். வெடிக்காத அந்தத் தருணத்தில் துப்பாக்கியின் மூக்கைக் கவனியுங்கள். சட்டென்று இரண்டு அங்குலம் கீழே குத்தும். உதை வரப் போகிறது என்று பயந்து கை முன்கூட்டியே அமுக்கிவிடுகிறது. உண்மைத் தோட்டா வெடிக்கும்போது இந்தக் குனிதலை உதை மறைத்துவிடும். டம்மியில்தான் வெளிச்சத்துக்கு வரும். பாக்கெட் பிஸ்டலோடு வருபவர்களுக்கு இந்தப் பழக்கம் ஒரே மாலையில் ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்திருக்கும், “இன்னும் ஒரு பெட்டி சுடலாமா” என்றால் வேண்டாம் என்பார்கள். அதே ஆளிடம் கிளாக் 19-ஐக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் குண்டுகள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் விழும். குண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே போய்ப் படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கேலிபர் (தோட்டாவின் பருமன்) சண்டையில் இறங்கும் யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

துப்பாக்கிக்குச் செலவழிக்கும்போதே ஹோல்ஸ்டருக்கும் நல்ல பெல்ட்டுக்கும் நூற்றைம்பது டாலர் ஒதுக்கி வையுங்கள். ட்ரிகரை முழுக்க மூடும், உள்ளே துப்பாக்கி இல்லாதபோதும் வாய் மூடிக்கொள்ளாத, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் போன்ற கெட்டியான உறை வேண்டும். துணி உறை நாளாக நாளாகத் தளர்ந்து, அதன் மடிப்பு ட்ரிகருக்குள் போகும். திரும்ப உறையில் வைக்கும்போது அவசரமே கூடாது. சட்டை நுனியோ ஜாக்கெட் நாடாவோ உள்ளே மாட்டினால் வெடித்துவிடும். உறையில்லாமல் இடுப்பில் செருகுவது, சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போடுவது, இரண்டும் என் வகுப்பில் தடை.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது ஆன, சட்டத் தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் லைசென்ஸ் எடுங்கள். வேறு பல மாநிலங்களில் செல்லும் என்பது ஒரு காரணம். அந்த வகுப்பில்தான் சட்டம் எங்கே உங்களைக் காப்பாற்றும், எங்கே கைவிடும் என்று கேட்பீர்கள் என்பது பெரிய காரணம். சுடும் தேர்வு 3, 7, 15 கெஜங்களில் மொத்தம் ஐம்பது ரவுண்டு. 250-க்கு 175 எடுத்தால் பாஸ். அதில் தேறுவதை ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை அடைக்கும்போது தனியாக நிற்காதீர்கள், கூட ஓர் ஆளை வையுங்கள். பணத்தைப் பகலில், வேறு வேறு நேரத்தில் வங்கிக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தைத் தரையில் பதித்த பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். எவனாவது பணப்பையைக் கேட்டால் கொடுத்து அனுப்புங்கள். துப்பாக்கி உங்கள் உயிருக்கு மட்டும். கல்லாவுக்கு அல்ல.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரேஞ்சுக்குப் போய்ப் பழகிவிட்டேன், ஆசையும் வந்துவிட்டது. என் அறை நண்பர் அமெரிக்கக் குடிமகன். பணம் நான் கொடுத்து, அவர் பெயரில் ஒரு கிளாக் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– பிளேனோ வாசகர்

பதில்: கூடாது. நீங்கள் இருவருமே மாட்டுவீர்கள்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று குடியேறாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். டெக்சஸ் எவ்வளவு தாராளமான மாநிலமானாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதாக ஆகலாம் என்பதால், அந்த லைசென்ஸ் இல்லாமல் இதுவரை போனது போகட்டும், இனிப் போவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். விசாவுக்கு வரும் ஆபத்து ஜெயிலைவிடச் சீக்கிரம் வரும். கிரீன் கார்டு கையில் வந்தபின் தாராளமாக வாங்கலாம், அதுவரை பொறுங்கள்.

நண்பர் பெயரில் வாங்குவதைப் பற்றி ஒரு வழக்கு. அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் 2009-ல் வர்ஜினியாவில் தன் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். போலீஸ்காரர்களுக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்பதற்காக, மாமாவிடம் 400 டாலர் செக் வாங்கிக்கொண்டு. வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் “உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா” என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதினார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லை. அப்படியும் அது பொய் வாக்குமூலம்தான் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடையே இல்லாதவருக்கு வாங்கியதற்கு இந்தக் கதி. உங்களுக்குத் தடை இருக்கிறது. 2022-ல் வந்த சட்டத்தில் இப்படித் தடை உள்ளவருக்காகத் தெரிந்தே வாங்கித் தருவதற்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை.

ஒரே அறையில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. உங்கள் நண்பர் தனக்கென்று வாங்கினால் அது அவர் உரிமை. ஆனால் பெட்டியின் சாவியும் எண்ணும் அவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

கேள்வி: வயது அறுபதை நெருங்குகிறது. கை மூட்டுகளில் வலி. பிஸ்டலின் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) என்னால் பின்னால் இழுக்கவே முடியவில்லை. “பெண்களுக்கு ரிவால்வர்தான்” என்று ஐந்து தோட்டா போடும் சின்ன ரிவால்வரைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? நான் பெரும்பாலும் சுடிதார், விசேஷம் என்றால் புடவை. எங்கே வைத்துக்கொள்வது?
– ஷுகர் லேண்ட் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். “பெண்களுக்கு” என்று ஆரம்பிக்கும் கடைக்காரரிடம் துப்பாக்கியே வாங்காதீர்கள் என்று என் வகுப்புப் பெண்களிடம் சொல்வேன்.

நீங்கள் சொல்வது ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற அலுமினிய ரிவால்வராக இருக்கும். 400 கிராம் சொச்சம். ஸ்லைடு இல்லை என்பது உண்மை. அதற்குப் பதில் ட்ரிகர் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுத்து, நீளமாக இழுக்க வேண்டும். மூட்டு வலிக்கும் விரலால்! .38 ஸ்பெஷல் தோட்டா அந்த இலேசான உடம்பில் உதைக்கும் உதை பிஸ்டலைவிட அதிகம். பல வருடம் கைப்பழக்கம் உள்ளவர்கள் அதை அருமையாகச் சுடுவார்கள். புதியவருக்கும் வலி உள்ளவருக்கும் அது தண்டனை.

முதலில் ஸ்லைடை இழுக்கும் முறையைப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கை நீட்டி, விரல் பலத்தால் இழுக்கிறார்கள். துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வாய் பாதுகாப்பான திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே. இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து முழுக் கையாலும் பற்றுங்கள். இப்போது ஸ்லைடை இழுக்காமல், வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். விரல் வேலை தோளுக்குப் போய்விடும். “முடியவே முடியாது” என்று வந்த பல பெண்கள் இப்படி முதல் வகுப்பிலேயே இழுத்துவிடுகிறார்கள்.

அப்படியும் முடியவில்லை என்றால் உங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்த பிஸ்டல் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஇசட், .380-ல் 2018-லும் 9 மி.மீ.-ல் 2020-லும் வந்தது. ஸ்லைடு அவ்வளவு இலேசு. மேகசினில் தோட்டா நிரப்புவதும் கட்டைவிரலை வதைக்காது. மேலே .380-ஐ அவ்வளவு திட்டிவிட்டு இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். நான் திட்டியது 270 கிராம் பாக்கெட் பிஸ்டலில் வரும் .380-ஐ. அரைக் கிலோவுக்கு மேல் எடையும், முழுக் கைக்கும் இடமும் உள்ள இந்தப் பிஸ்டலில் அதே தோட்டா சாதுவாகிவிடும். நீங்கள் எட்டுக் குண்டையும் குறியில் போட முடிகிற .380, கண்ணை மூடிக்கொண்டு சுடும் 9-ஐவிட எனக்கு எவ்வளவோ மேல்.

உடைக்கு வருவோம். பெல்ட் இல்லாத உடையில் ஹோல்ஸ்டர் நிற்காது. சுடிதார் டாப்ஸுக்குள் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை கிடைக்கிறது. ட்ரிகரை மூடும் கெட்டியான கூடு அதில் தைத்திருக்கிறதா என்று விரலை வைத்து அழுத்திப் பார்த்து வாங்குங்கள். வெறும் எலாஸ்டிக் பை ஆகாது. டாப்ஸின் பக்கவாட்டு வெட்டு எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பாருங்கள். புடவை கட்டும் நாளில் துப்பாக்கியை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இடுப்பு வெளியே தெரியும் உடையில் மறைத்து வைப்பதும் அவசரத்தில் எடுப்பதும் நடக்கிற காரியம் இல்லை. அந்த உடையோடு நீங்கள் போகும் கல்யாண மண்டபத்தில் குழந்தைகள் மடியேறி விளையாடுவார்கள். கைப்பை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. பையை நாற்காலியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம், பேரப்பிள்ளை மிட்டாய் தேடிக் கையை விடுவான், திருடன் பறிப்பதும் முதலில் பையைத்தான்.

கேள்வி: என் கணவர் தினமும் துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போகிறவர். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். “குழந்தைக்கு எட்டாது” என்கிறார். சின்னவளுக்கு நான்கு வயது. பெரியவன் ஹைஸ்கூல் கடைசி வருடம், நினைத்த காலேஜ் கிடைக்காததிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் சரியானது. இந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் கணவரிடம் கொடுங்கள். இனி அவரோடு பேசுகிறேன்.

தம்பி, நான்கு வயதுக் குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும். பிஸ்கட் டப்பாவுக்கு ஏறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சின்னக் கை ட்ரிகரை ஒரு விரலால் இழுக்க முடியாவிட்டால் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கும். அப்போது துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசியுங்கள். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியை வைத்து, அது அவர் கைக்குப் போய்விட்டால் டெக்சஸில் குற்றம். அது வெடித்துக் குழந்தைக்குப் பெரிய காயமோ மரணமோ நேர்ந்தால் ஒரு வருடம் வரை சிறை. ஆனால் சட்டத்துக்காக இதைச் சொல்லவில்லை.

துப்பாக்கி இரண்டே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் உடம்பில் ஹோல்ஸ்டருக்குள். இல்லையென்றால் பூட்டிய பெட்டிக்குள். மூன்றாவது இடம் கிடையாது. ஃப்ரிட்ஜ் மேல், கார் டாஷ்போர்டு, தலையணைக்கு அடியில் எல்லாம் மூன்றாவது இடம். எண் அழுத்தித் திறக்கும் எஃகுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கட்டிலின் சட்டத்தோடோ சுவரோடோ போல்ட் அடியுங்கள். எண்ணாகப் பிறந்த நாளோ வீட்டு வைஃபை எண்ணோ வேண்டாம். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி உள்ளே வையுங்கள். உறையிலிருந்து உருவாமல் அப்படியே வைத்தால் கை தவறி வெடிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

இதெல்லாம் சின்னவளுக்கு. பெரியவனுக்கு இந்தப் பெட்டி போதாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பலர் பிழைக்கிறார்கள், துப்பாக்கியை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அந்த எண்ணம் தீவிரமாக இருக்கும் நேரம் பலருக்குச் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். பதினேழு வயதுப் பையன் அப்பாவின் எண்ணை என்றைக்கோ பார்த்து வைத்திருப்பான். அதனால் அவன் தெளியும்வரை துப்பாக்கியையும் தோட்டாவையும் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். சட்டத் தடை இல்லாத, நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவர் வீட்டில் பூட்டி வைக்கலாம். கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் உண்டு. சில மாதம் துப்பாக்கி இல்லாமல் வெளியே போவதில் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அம்மா, மகனிடம் நேராகவே கேளுங்கள், “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். அப்படி விதைப்பதில்லை, பேச வாய்ப்புத்தான் கொடுக்கிறது. டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 988 என்ற எண்ணை அழைத்தாலோ மெசேஜ் அனுப்பினாலோ எந்த நேரமும் ஆள் கிடைப்பார்கள். காலேஜ் பேச்சை இப்போதைக்கு வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம், ஊரிலிருந்து போன் பண்ணும் சித்தப்பா பெரியப்பாவும் உட்பட.

கேள்வி: நியூ ஜெர்சியில் துப்பாக்கியோடு வெளியே போவதற்கான கேரி பெர்மிட் வாங்கியிருக்கிறேன். நீங்கள் வகுப்பில் சொல்லும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவை இங்கே போடலாமா?
– எடிசன் வாசகர்

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். உங்கள் மாநிலம் தனி. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் புரூவன் தீர்ப்பு வந்த பிறகுதான் சாதாரண ஆட்களுக்கு அங்கே பெர்மிட் கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் பெர்மிட் இருந்தாலும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கத்திய விதி. வீட்டில் வைத்துக்கொள்ளலாம். முனைக் குழியைப் பாலிமரால் அடைத்த ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ், கிரிட்டிகல் டூட்டி போன்றவற்றை மாநில போலீஸ் ஹாலோ பாயிண்ட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. அங்குள்ளவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது, ஆகவே கிளாக் 19-ன் பதினைந்து தோட்டா மேகசினோடு டெக்சஸ் உறவினர் யாராவது வந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். அவருடைய டெக்சஸ் லைசென்ஸும் நியூ ஜெர்சியில் செல்லாது. இந்த விதிகள் வழக்குகளில் அடிபட்டுக்கொண்டே இருக்கின்றன, மாநில போலீஸின் இணையதளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயிலுக்கு வைத்துக்கொண்டு போகலாமா?
– கேட்டி வாசகர்

பதில்: டெக்சஸில் கோயில், சர்ச் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. வாசலில் 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். லைசென்ஸ் எடுத்தவர் மறைத்துக் கொண்டுபோவதைத் தடுப்பது 30.06, வெளியே தெரியும்படி கொண்டுபோவதைத் தடுப்பது 30.07. லைசென்ஸ் இல்லாதவரைத் தடுப்பது 30.05. பலகை இல்லை என்றாலும் நிர்வாகத்தினர் வாயால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உட்கார்ந்து குடிக்கும் மது பார்களில் சிவப்பு எழுத்தில் 51% என்ற பலகையைப் பார்த்தால் உள்ளே நுழையவே வேண்டாம். பார்ட்டியில் ஒரு மடக்கு குடிப்பதாக இருந்தால் துப்பாக்கியை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மதுரைக்கே திரும்பிப் போகிறோம். டெக்சஸில் வாங்கிய 9 மி.மீ. பிஸ்டலைக் கூடவே கொண்டுபோய் அங்கே லைசென்ஸ் எடுக்க முடியுமா?
– ராக்வால் வாசகர்

பதில்: முடியாது. இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட குழாய் அளவு (bore). ராணுவம், போலீஸ் தவிர மற்றவர்களுக்கு லைசென்ஸ் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே பொதுமக்கள் பெரும்பாலும் வைத்திருப்பது .32 ரிவால்வரும் பிஸ்டலும்தான். அதற்கும் கலெக்டரிடமோ கமிஷனரிடமோ விண்ணப்பித்து, உயிருக்கு ஆபத்து என்று காட்டி, போலீஸ் விசாரணை முடிந்து வர வேண்டும். உங்கள் பிஸ்டலை இங்கே லைசென்ஸ் உள்ள டீலரிடம் விற்று ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமான ஒன்று. ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் மடிப்பிலோ ஜிப் ஓரத்திலோ ஒரே ஒரு தோட்டா தங்கிவிட்டால், இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்து, ஆயுதச் சட்டத்தில் வழக்கு ஆகிவிடும். தெரிந்தே வைத்திருந்தாரா என்ற கேள்வியை வைத்துப் பல வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் என்ன ஆகும்? பையைக் கவிழ்த்து, எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்து, தையல் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஜாக்கெட் பாக்கெட்டுகளையும், காரில் கிடக்கும் பழைய முதுகுப்பையையும் சேர்த்து.